இடது பக்கத்து ஒட்டு

மோகன்குமாருக்குக் கம்பெனியில் 'பாயின்ட் ஒன்' என்று பெயர். கணபதி பஸ் ஸ்டாப்புப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கிற வேலை. வார்ப்பு பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அதிலும் வார்ப்பு ஊற்றித் தருகிற பவுண்டரிக்காரர்கள், வார்ப்பில் விழுந்த ஓட்டைக்குள் மெட்டல் பேஸ்ட்டை அப்பி, மேலே பெயின்ட் அடித்துத் தள்ளிவிடப் பார்த்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வண்டிச் சாவியால் தட்டிப் பார்த்தே கண்டுபிடிப்பார். கொண்டுவந்த ஆளை நாலு பேர் முன்னால் நிற்கவைத்து, "ஓட்டை உழுவறது தப்பில்லீங்க. அத மறைக்கறதுதான் தப்புங்க" என்பார். கூடவே 'ங்க' போடுவதால் அது மரியாதையாகத்தான் இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நின்றவர்களைக் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பார்கள்.

வீட்டிலும் அதே சீர்தான். தோசை ஒரு பக்கம் தடிமனாக இருக்கிறதென்று ஒருநாள் சொல்லப்போய், மனைவி புவனா கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள். அதோடு சமையலறையில் அளவெடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

மிச்சமிருந்த அளவுப் பைத்தியம் எல்லாம் மாடி அறைக்குப் போயிற்று. அங்கேதான் அவர் ஸ்கேல் மாடல் கார்கள் செய்தார். ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போன சக ஊழியர் ஒருவர் வாங்கிவந்த பெட்டியில் ஆரம்பித்த பழக்கம். சட்டத்தில் காய்த்துத் தொங்குகிற பிளாஸ்டிக் துண்டுகளை ஒவ்வொன்றாக நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, வர்ணம் பூசினால் ஒரு சாண் நீளத்துக்கு அச்சு அசலாக ஒரு கார் நிற்கும். முதல் நாலைந்து கார்களைப் பெட்டியில் போட்டிருந்த படத்தைப் பார்த்தே செய்தார். பிறகு, பெட்டி தயாரித்தவன் விட்ட தப்புகள் கண்ணில் படத் தொடங்கின. கதவின் வளைவு சரியில்லை, சக்கரம் சின்னது என்று நிஜக் காரின் போட்டோவை வைத்துக்கொண்டு திருத்துவார். அவினாசி ரோட்டில் ஒரு கல்லூரியில் பழைய கார் கண்காட்சி நடந்தபோது அவருடைய ஆறு கார்களையும் கண்ணாடிக்குள் வைத்தார்கள். அங்கே வைத்துத்தான் சுரேந்தர் அவரைப் பிடித்தார்.

சுரேந்தர் சோமனூரில் நாற்பது தறி ஓட்டுகிறவர். அவருடைய அப்பா ஈஸ்வரமூர்த்திக்கு எண்பது வயது நிறையப்போகிறது. அந்தக் காலத்தில் அவர் ரேஸ் ஓட்டியவர். வெளியே வாங்கிய கார் கூட இல்லை. பழைய பியட் எஞ்சினைப் போட்டு, தறிக் கொட்டகைக்குப் பின்னால் சொந்தமாகவே கட்டிய ஒற்றை சீட் வண்டி. சோழவரம் ரேஸ் மைதானத்தில் மூன்று வருடம் ஓட்டினார். வண்டி எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது. நாலு கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள்தான் மிச்சம்.

"அதை அப்பிடியே சின்னதாச் செஞ்சு தர முடியுங்களா? பிறந்த நாளன்னைக்கு அப்பா கையில குடுக்கோணும்" என்றார் சுரேந்தர்.

மோகன்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. காசே வேண்டாம் என்றுவிட்டார். உலகத்தில் யாரும் பெட்டி போடாத வண்டி, தன் கையில் முதன்முதலாக உருவாகப்போகிறது என்கிற நினைப்பே போதுமாக இருந்தது.

ஐம்பதுகளின் வெளிநாட்டு ரேஸ் கார் ஒன்றின் கிட் பெட்டியை வரவழைத்தார். வந்து சேரவே ஐந்து வாரம். அதன் உடம்பை நடுவில் அறுத்து ஒன்பது மில்லிமீட்டரை எடுத்தெறிந்துவிட்டுத் திரும்பச் சேர்த்தார். கூர்மூக்கை நறுக்கிவிட்டு மொண்ணை மூக்கு வைத்தார். கம்பிச் சக்கரங்களைத் தூக்கிப்போட்டு, கம்பெனி லேத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பியட்டின் தட்டைச் சக்கரங்களைக் கடைந்தார். போட்டோவில் டயரின் குறுக்களவை வெர்னியரில் அளந்து, அதிலிருந்து வண்டி முழுவதற்கும் கணக்குப் போட்டார். நிஜ வண்டிக்கு வர்ணமே கிடையாது. மூக்கு மட்டும் மஞ்சள் என்று சுரேந்தர் சொல்லியிருந்தார், மற்றதெல்லாம் வெறும் அலுமினியத் தகடு.

ஒரே ஒரு சங்கடம். நாலு போட்டோவிலும் வண்டியின் வலது பக்கமும் முன்பக்கமும்தான் இருந்தன. இடது பக்கம் ஒன்றிலும் இல்லை.

அதற்கும் சுரேந்தர் வழி சொல்லியிருந்தார். "மருதாசலம்னு ஒருத்தருங்க. அவுங்கப்பா எங்க தோட்டத்துல வேல செஞ்சவரு. இவரு எங்க தறி செட்டுலயே டிங்கர் வேல பழகுனாரு. அந்த பாடியப் பூராவும் தட்டுனது அவருதான். இப்ப உக்கடத்துல இருக்கறாரு. சந்தேகம்னா ஒரு எட்டுப் போயிக் கேட்டுக்குங்க."

நம்பரும் கொடுத்தார். மோகன்குமார் போகவில்லை, போனும் செய்யவில்லை. நேரம் இல்லாமல் இல்லை. சுத்தியல் பிடித்த டிங்கரிடம் போய், வெர்னியர் பிடித்த நான் என்ன கேட்பது என்று நினைத்தார். வலது பக்கம் எப்படியோ அப்படியே இடது பக்கமும் என்று வைத்துக்கொண்டார்.

விழா புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளி வர்ணம் எல்லாம் பூசி முடித்த பிறகு, உள்ளே சீட்டின் அடித்தட்டு லேசாக ஆடுவதைப் பார்த்தார். விட்டிருக்கலாம். யார் ஆட்டிப் பார்க்கப்போகிறார்கள்? அவர் விடுகிற ஆள் இல்லை. பசையை எடுத்தார். அந்தப் பசை தண்ணீர் போல ஓடும், பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டும். ஒரு சொட்டு விளிம்பு வழியாக இறங்கி, வண்டியை இடது பக்கம் பிடித்திருந்த கட்டைவிரலுக்கு அடியில் போய்த் தேங்கியது. விரலை எடுத்தபோது, அலுமினியமாக மினுங்கிய பக்கத்தில் அவருடைய கைரேகை சுத்தமாகப் பதிந்திருந்தது.

காயவைத்துத் தேய்த்தார். ரேகை ஆழமாக இறங்கியிருந்தது. இன்னும் தேய்த்தார். அரிசி அளவுக்கு ஓட்டை விழுந்தது.

பட்டி வைத்து அடைத்தால் வெள்ளி வர்ணத்தில் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு கிட் வரவழைக்க நாள் இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு குளிர்பான டின் ஒன்றை வெட்டி, நகத்தளவு தகடு எடுத்து, ஊசிமுனையால் ஓரம் முழுக்க ஆணித் தலைகள் போலக் குத்தி, ஓட்டையின் மேல் ஒட்டினார். அடிபட்ட வண்டிக்குத் தகடு வைத்து ரிவிட் அடித்தது போலவே இருந்தது. வெகு நன்றாக வந்துவிட்டது, அதுதான் கேடு. இருபத்திரண்டு வருடமாக எத்தனை பேரை நிற்கவைத்து எதற்காகத் திட்டினாரோ, அந்தக் காரியத்தைத் தானே செய்துவிட்டு, கையைத் தூரப் பிடித்து அழகு பார்த்தார்.

திங்கட்கிழமை மாலை சுரேந்தர் பார்க்க வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது பக்கம் விரல் நின்றது.

"இதென்னங்க, ஒட்டாட்டம் இருக்குது?"

'பசை கொட்டிப்போச்சுங்க' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மோகன்குமாரின் வாய் வேறு பக்கம் போயிற்று. "அப்பா வண்டியிலயே இருந்ததுங்க. போட்டோவ ஸ்கேன் பண்ணிப் பெருசு பண்ணுனேன். பக்கத்துல நிக்கற காரோட கதவு பளபளன்னு இருக்குதில்லீங்களா, அதுல இந்தப் பக்கம் தெரியுது."

"அடேங்கப்பா!" என்றார் சுரேந்தர். "எங்களுக்கே தெரியாததெல்லாம் கண்டுபுடிச்சுப்போட்டீங்களே!"

அந்தப் பாராட்டை வேண்டாம் என்று தள்ள மோகன்குமாருக்கு மனசு வரவில்லை.

புதன்கிழமை சோமனூர் வீட்டில் நூறு பேருக்கு மேல். பட்டு வேட்டியில் நடுக்கூடத்துச் சோபாவில் ஈஸ்வரமூர்த்தி. துணியை விலக்கி வண்டியைக் கையில் கொடுத்ததும் பெரியவர் கண் கலங்கிவிட்டார். மூக்கைத் தடவினார், சக்கரத்தை உருட்டினார், பக்கத்தில் எழுதியிருந்த பதினான்காம் நம்பரை விரலால் எழுதிப் பார்த்தார். மோகன்குமாருக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்புறம் பெரியவர் வண்டியைத் திருப்பினார்.

"இந்த ஒட்டு ஏது?"

சுரேந்தர் முந்திக்கொண்டார். "அது வண்டியிலயே இருந்ததாமுங்கப்பா. மோகன் போட்டோவுல கண்டுபுடிச்சாரு."

பெரியவர் ஒட்டின் ஆணித் தலைகளை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார். "அட, இதுதானா சங்கதி! எழுவத்தாறுல மொதல்ல போயிட்டிருந்தேன். கடசிச் சுத்துல வண்டி எடது பக்கமா இழுத்துச்சு. மூணாவதா வந்தேன். ஏன் இழுத்துச்சுன்னு அம்பது வருசமாத் தெரியாது. எங்கியோ கொண்டுபோயி முட்டி, ஒட்டப் போட்டு மறச்சிருக்கறான். மருதா! எங்கடா மருதன்?"

சாப்பாட்டுக் கூடத்து வாசலருகே நின்றிருந்த ஒருவர் முன்னால் வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். புதுச் சட்டையில் கடை மடிப்பு இன்னும் போகவில்லை. மோகன்குமார் மருதாசலத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வண்டிய முட்டிப்போட்டு என்கிட்ட மறச்சயாடா?" என்றார் பெரியவர். கோபம் என்று சொல்ல முடியாது. பாதி சிரிப்பு, பாதி நிஜம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள்.

மருதாசலம் வண்டியை எட்ட நின்று பார்த்தார். கையில் வாங்கிப் பார்க்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. ஒட்டைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க, மொதலாளி" என்றார். "தப்பாப் போச்சுங்க."

கூடம் கொல்லென்று சிரித்தது. அம்பது வருடத்துக் கள்ளன் அகப்பட்டான் என்று யாரோ சொன்னார்கள். "சரி போடா, போயிச் சாப்புடு" என்று பெரியவர் மன்னித்துவிட்டார். மோகன்குமாருக்குக் காது இரண்டும் சுட்டன. சுரேந்தர் பக்கத்தில்தான் நின்றார். இரண்டடி எடுத்துவைத்து, 'அது நான் வெச்ச ஒட்டு' என்று நாலு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவர் சொல்லவில்லை. பந்திக்குக் கூப்பிட்டார்கள், போனார். ரசம் இரண்டாம் தடவை வாங்கிக்கூடச் சாப்பிட்டார். கை கழுவ வெளியே வந்தபோது, மருதாசலம் சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டதாக வாசலில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த ரசம் அவருக்கு இறங்கவே இல்லை. கம்பெனியில் பேஸ்ட் அப்பிய வார்ப்பு ஒன்று கையில் வந்தது. திருப்பி அனுப்பினார், ஆனால் யாரையும் கூப்பிட்டு நிற்கவைக்கவில்லை. ஆட்கள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டில் புவனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார், அந்த வெர்னியர் நினைப்பு உட்பட. அவள் கேட்டுவிட்டு, "ஒருவேளை அவரு நெசமாலுமே முட்டியிருப்பாரோ? இல்லாட்டி எதுக்கு ஆமாங்கறாரு?" என்றாள்.

வெட்கம் என்னவென்றால், அதே நினைப்பு அவருக்கு முன்பே வந்திருந்தது. ஒட்டு நிஜமாகவே இருந்திருக்கலாம் அல்லவா? அப்படியென்றால் தான் பொய் சொல்லவில்லை, தெரியாமலே உண்மையைச் சொல்லியிருக்கிறோம். பத்தாம் நாள் அவர் உக்கடத்துக்குக் கிளம்பியதே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நிம்மதியாகத் திரும்பத்தான்.

குளத்துக்குப் பின்னால் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. மருமகள் மெர்சி கதவைத் திறந்தாள். ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், யார் என்று தெரிந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாள். மருதாசலம் எழுந்து நின்று, "வாங்க சார், உக்காருங்க" என்றார். மோகன்குமார் உட்கார்ந்தார். கேள்வியை எப்படிக் கேட்பது என்று யோசிப்பதற்குள் மருதாசலமே தொடங்கிவிட்டார்.

"நல்ல வேள, நீங்களே வந்தீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னுதான் இருந்தேன். எங்க முட்டுனேன்னு எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குதுங்க. பத்து நாளா யோசிக்கறேன். அந்தப் பக்கம் பூராவும் ஒரே தகடுங்க. ஒட்டு இல்லாம, பட்டி இல்லாம, மூணு மாசம் மணல் மூட்டையில வெச்சுத் தட்டுனது. பாக்கறவங்கிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கறேன், அதுல ஒரு ஜாயிண்ட் காட்டு பாக்கலாம்னு. நீங்க போட்டோவுலயே பாத்தீங்கன்னா இருந்திருக்கும். எனக்குத்தான் மறந்துபோச்சாட்ட இருக்குது. அந்தப் போட்டோவ ஒருக்காக் காட்டுனீங்கன்னா, எந்தெடத்துல முட்டிருப்பேன்னு ஒரு ரோசன வரும்."

"மாமா சரியாச் சாப்புடறதே இல்லீங்க சார்" என்றாள் மெர்சி. "எனக்குப் புத்தி கெட்டுப்போச்சான்னு என்னையக் கேக்கறாரு. டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போங்கறாரு."

மோகன்குமாருக்குத் தான் எதைத் தேடி அந்த மாடிப்படி ஏறினோம் என்று நினைத்தபோது உடம்பே கூசியது. போட்டோ என்று ஒன்றும் இல்லை என்றார். பசை எப்படி வழிந்தது, விரல் எங்கே இருந்தது, ஓட்டை எப்படி விழுந்தது, டின்னை எப்படி வெட்டினார், கார்க் கதவில் நிழல் தெரிந்ததாக எப்படிக் கதை கட்டினார் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

மருதாசலம் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு கேட்டார். "அப்ப ஒரே தகடுதானுங்களா?"

"ஒரே தகடுதானுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தோள் இரண்டும் இறங்கின. மெர்சிக்குத்தான் ஆறவில்லை. "இத இங்க வந்து சொன்னா ஆச்சுங்களா சார்? எல்லாரும் சிரிச்சது அங்க. அங்க வந்து சொல்லோணும்."

"உடு அம்மணி, பெரியவருக்கு எதுக்கு மனக்கஷ்டம்" என்றார் மருதாசலம்.

"உட முடியாது மாமா."

மோகன்குமார் வருவதாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருதாசலத்தைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சோமனூர் போனார். கூடத்தில் பெரியவரும் சுரேந்தரும் மட்டும் இருந்தார்கள். வண்டி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, இடது பக்கம் தெரிகிற மாதிரி. வருகிறவர்களுக்கெல்லாம் பெரியவர் அந்த ஒட்டைக் காட்டித்தான் கதை சொல்கிறாராம். மோகன்குமார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பசை, விரல், டின், நிழல். உக்கடத்தில் ஒருமுறை சொல்லிப் பழகியிருந்ததால் இங்கே கோர்வையாகவே வந்தது. சுரேந்தரின் முகம் செத்துப்போயிற்று. மோகன்குமார் அந்த முகத்தைப் பார்க்காமல் பெரியவரைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

ஈஸ்வரமூர்த்தி அவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மருதாசலத்தின் பக்கம் திரும்பினார்.

"அப்பறம் நீ எதுக்குடா ஆமான்னே?"

"நீங்க கேட்டீங்களேங்க, மொதலாளி."

பெரியவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒட்டைப் பார்த்தார். மருதாசலம் கைகளைக் கூப்பினார். "அத்தன பேரு நின்னாங்க. இல்லீன்னு சொன்னா உங்களுக்குக் கொறச்சலாப் போயிருமேன்னு ஆமான்னு பொய் சொல்லிப்போட்டேனுங்க. மன்னிச்சுப்போடுங்க."

மோகன்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. உக்கடத்தில் அரை மணி நேரம், இங்கே கால் மணி நேரம் பேசியிருக்கிறார். தன் தப்பை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் விளக்கியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இரண்டு இடத்திலும் சொல்லவில்லை. ஒரு தப்பும் செய்யாத மனிதர் அதைச் சொல்லி முடித்துவிட்டு, கூப்பிய கையோடு நிற்கிறார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் மோகன்குமார். மருதாசலத்துக்கு நேரே போய் நின்று மறுபடியும் சொன்னார். "நீங்க என்னைய மன்னிச்சுக்கோணுமுங்க."

"ஆகட்டுங்க சார், பரவாயில்லீங்க" என்றார் மருதாசலம், ஒரு கணமும் யோசிக்காமல்.

அது மனசிலிருந்து வந்ததா, இல்லை அதுவும் கேட்டதற்காகச் சொன்னதுதானா என்று மோகன்குமாருக்கு இன்றுவரை தெரியாது.